பழைய பத்தியம்

"எல்லாத்தையும் விட்டாச்சு சிஸ்டர். இன்னும் என்ன விடணும்னு சொல்லுங்க. அதையும் விட்டுட்டுக் கிளம்புறேன்."

அழகுமலை இதைக் கேட்டபோது பெலிசித்தா வாழைக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவசரப்படாதிய அண்ணாச்சி. முதல்ல வாழைக்காய் வேகட்டும்."

அழகுமலை அவசரக்காரர் இல்லை. பிடிவாதக்காரர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அருப்புக்கோட்டையில் கடலை எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் போக நினைத்தது பெரு நாட்டுக் காட்டுக்கு. அங்கே ஆற்றங்கரை முகாம் ஒன்றில் அயாவாஸ்கா கொடுப்பார்கள். ஒரு கொடியையும் ஓர் இலையையும் சேர்த்து நாள் முழுக்கக் காய்ச்சிய கஷாயம் அது. முதலில் குடலைப் புரட்டும், பிறகு மனத்தைப் புரட்டும் என்பார்கள். கண்டதைத் தின்றுவிட்டுக் கண்டபடி நினைத்துக்கொண்டு வருகிறவனை அது சும்மா விடாது. அதனால் முதலில் பத்தியம்.

பத்தியத்துக்குத்தான் பெலிசித்தா.

தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்ஸாக அந்தக் காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போடப் போன இடத்தில் காட்டு வைத்தியர்களிடம் பத்தியம் கற்றுக்கொண்டார். பிறகு மடத்தை அவர் விட்டுவிட்டார். 'சிஸ்டர்' என்ற பெயர் அவரை விடவில்லை. இப்போது சிறுமலையில் நாலு அறை வீடும் பின்னால் வாழைத் தோட்டமும் உண்டு. கஷாயம் கிடையாது. கேட்டு வருகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்.

"நான் பாத்திரம் கழுவுதவ. ஊத்துதவ இல்ல."

ஆனால் கழுவியாகிவிட்டது என்று அவர் சொல்லாமல் அந்த முகாமில் யாரையும் சேர்க்க மாட்டார்கள்.

வந்த அன்றே அவர் அழகுமலையைக் கேட்டார்.

"எதுக்குப் போணும்ங்கிய?"

"எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு சிஸ்டர். கறிக்குழம்பும் ஒண்ணுதான், கஞ்சியும் ஒண்ணுதான். பாக்காத டாக்டர் இல்ல. நாக்கு நல்லா இருக்குங்கிறாங்க. எண்ணெயை நாக்குல தொட்டு வச்சே எந்தக் காட்டுக் கடலைன்னு சொல்றவன் நான். இப்ப கணக்குப்பிள்ளைகிட்டக் குடுத்து, நல்லா இருக்கான்னு கேக்குறேன்."

"எப்ப இருந்து?"

"தெரியல. ஒருநாள் பாத்தா இல்ல."

மேலும் சொன்னார். "காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கு. மதுரைக்காரர் ஒருத்தர் அந்தக் காட்டுக்குப் போயிட்டு வந்து புது ஆளா நிக்கிறார். எனக்கும் அது வேணும். என்ன செய்யணும்னாலும் செய்யிறேன்."

செய்வார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அழகுமலை வரும்போது ஒரு தூக்குவாளி கொண்டுவந்திருந்தார். உள்ளே இட்லி, தயிர்சாதம், மாவடு. கறி மீனை நிறுத்திவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே திறந்தார்.

பெலிசித்தா மூடியை எடுத்து மூடினார்.

"சைவம்தானே சிஸ்டர்?"

"அந்தக் கஷாயத்துக்குச் சைவம் அசைவம் தெரியாது அண்ணாச்சி. புளிச்சதும் ஊறுனதும் ஆகாது. ரத்தக் கொதிப்பை ஏத்தி விட்டுரும்."

நம் ஆட்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். ஆட்டை விடுவார்கள், கோழியை விடுவார்கள். தயிரை விடச் சொன்னால் பெற்ற தாயை விடச் சொன்னதுபோல விழிப்பார்கள். அழகுமலை விழிக்கவில்லை. தூக்குவாளியை எடுத்துப்போய் வாழைக் குழியில் தானே கவிழ்த்துவிட்டு வந்தார்.

"வேற?"

"மாத்திரை ஏதும் போடுதியளா?"

"தூக்கத்துக்கு ஒண்ணு. அதையும் இன்னையோட விட்டுடறேன்."

"அதை விடச் சொல்ல நான் யாரு? எழுதிக் குடுத்த டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க. சில மாத்திரையும் அந்தக் கஷாயமும் சேந்தா ஆளையே கொண்டு போயிரும். விடுததுக்கும் ஒரு முறை இருக்கு."

அவர் மலையிறங்கிப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொண்டு வந்தார். அது முற்றிலும் நிற்கும்வரை சொந்த ஊரில் காத்திருந்தார். பிறகுதான் பெட்டியோடு வந்து தங்கினார்.

தங்க வந்த அன்று பெலிசித்தா அலமாரியில் இருந்த ஒரு ஜாடியைக் காட்டினார். உள்ளே கல்லுப்பு.

"இது கடைசி நாளைக்கு. அந்தக் காட்டுல பத்தியம் முடியும்போது நாக்குல உப்பு வப்பாங்க. உப்பு வைக்காம பத்தியம் முடியாது. ஒரு பத்தியம் முடியாம அடுத்தது எடுக்கவும் கூடாது. அதுவரைக்கும் உப்பு, புளி, மிளகா, எண்ணெய் எதுவும் கிடையாது."

"எண்ணெயுமா?" என்று கேட்டார் எண்ணெய் ஆலைக்காரர். பிறகு அவரே, "சரி," என்றார்.

சாப்பாடு வேகவைத்த வாழைக்காய். உப்பில்லாத சோறு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். சிஸ்டர் வீட்டில் அது தட்டிலே.

முன்பு வந்தவர்களெல்லாம் இரண்டே நாளில் மிளகாய் பஜ்ஜியைக் கனவு காண்பார்கள். ஒரு பேராசிரியர் தோட்டத்துக்குள் ஒளிந்து நின்று காரச்சேவு தின்றிருக்கிறார். அழகுமலை வைத்ததைத் தின்றார். தட்டைக் கழுவினார். பேசாமல் உட்காரச் சொன்னால் கல்லாக உட்கார்ந்தார்.

பெலிசித்தாவுக்கு இது பிடிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டை வறுத்தார். சின்ன வெங்காயம் போட்டு, வரமிளகாய் கிள்ளிப் போட்டு, வாசனை தோட்டம் வரை போகிற மாதிரி வறுத்தார். பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

அழகுமலை வாழைக்காயைத் தின்று முடித்து, "மோர் இல்லாததால விக்குது. தண்ணி குடுங்க," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அவர் தோல் சீவிக்கொண்டிருந்த பெலிசித்தாவிடம் வந்து, இன்னும் என்ன விடணும் என்று கேட்டது.

வாழைக்காய் வெந்தது. தின்று முடித்து இருவரும் முன்முற்றத்துக்கு வந்தார்கள். அங்கே நாற்காலி போட்டால் மலைச் சரிவும் அடியில் திண்டுக்கல்லும் தெரியும். வருகிறவர்களெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்காருவார்கள். அழகுமலை மட்டும் தினமும் நாற்காலியைத் திருப்பி, வாழைத் தோட்டத்தைப் பார்க்கப் போட்டுக்கொள்வார். அன்றும் அப்படித்தான் போட்டார்.

"விடுதது உங்களுக்கு ரொம்ப லேசா வருது," என்றார் பெலிசித்தா. "எங்க பழகுனிய?"

"பழக என்ன இருக்கு சிஸ்டர்? நான் ஒண்ணை விட்டா விட்டதுதான். பீடியை விட்டேன், திரும்பிப் பாக்கல. சீட்டாட்டத்தை விட்டேன். பதினோரு வருஷமா ஒரு வீட்டுல கை நனைக்கல."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

"யாரு வீட்டுல?"

"மக வீட்டுல."

பெலிசித்தா திரும்பி அவரைப் பார்த்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஒரு கண்டக்டரைக் கட்டிக்கிட்டா. உன் வீட்டுல இனி சாப்பிட மாட்டேன், பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்னு சொந்தக்காரங்க எல்லார் முன்னாலயும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்."

"அதுக்கப்புறம் பாக்கவே இல்லையா?"

"பாக்காம என்ன? பேரன் பிறந்தப்பப் போனேன். வாசல்ல நின்னே செயினைக் குடுத்துட்டுத் திரும்பிட்டேன். செம்புல தண்ணியை எடுத்துக்கிட்டுத் தெருமுக்கு வரைக்கும் பின்னாலயே ஓடி வந்தா. பிள்ளை பெத்த பச்சை உடம்பு."

"குடிச்சியளா?"

"நான் வாக்குத் தவற மாட்டேன் சிஸ்டர்."

நெஞ்சு இப்போது நிமிரவில்லை.

"மக எந்த ஊருல இருக்கா?"

அழகுமலை வாழைத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க," என்றார் பெலிசித்தா. எழுந்தார். சிஸ்டர் அவர் நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் திருப்பிப் போட்டார்.

கீழே திண்டுக்கல்லில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

அழகுமலை உட்காரவில்லை.

"உங்களை இப்ப அனுப்ப முடியாது அண்ணாச்சி."

"ஏன்? எதுல குறை வச்சேன்? நீங்க சொன்னதுல ஒண்ணைத் தவற விட்டிருக்கேனா?"

"இல்ல."

"பின்னே?"

"ஏற்கெனவே ஒரு பத்தியத்துல இருக்கிய. அது முடியாம இன்னொண்ணு எப்படி எடுக்க?"

"டிக்கெட் எடுத்தாச்சு சிஸ்டர்!"

"எடுத்தா என்ன?"

அழகுமலை உள்ளே போனார். அலமாரியைத் திறந்தார். உப்பு ஜாடியைத் தூக்கினார். பெலிசித்தாவுக்கு முன்னால் வந்து அதை நீட்டினார்.

"முடிக்கணும், அவ்வளவுதானே? வைங்க நாக்குல."

பெலிசித்தா ஜாடியை வாங்கி மூடியை இறுக்கித் திருகினார்.

"அந்தப் பத்தியத்துக்கு என் உப்பு செல்லாது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அழகுமலை இறங்கிவிட்டார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆட, மனத்துக்குள் சிஸ்டரைத் திட்டிக்கொண்டே போனார். வேறு முகாமா இல்லை? போய்க்கொள்ளலாம். பத்தியத்தை வீட்டிலேயே இருக்கலாம். உப்பில்லாமல் ஆக்கிப்போட மனைவி பாக்கியத்துக்குத் தெரியாதா?

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் மதுரை பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறினால் மதியத்துக்குள் அருப்புக்கோட்டை.

படியில் ஒரு காலை வைத்தார். அந்த வண்டியின் கண்டக்டர், "உள்ள போங்கய்யா, இடம் இருக்கு," என்றார். அவர் யாரோ. மருமகன் இல்லை. இருந்தாலும் காலை எடுத்துவிட்டார்.

பஸ் போய்விட்டது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"பாக்கியம். வளர்மதி வீடு இன்னும் பழைய இடம்தானா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன். வீடு மாறிட்டா. திண்டுக்கல்லுலயே நாகல் நகர்ல இருக்கா. எதுக்கு… எதுக்குக் கேக்குறீங்க?"

"போகணும்."

"நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே காலாச்சே!" என்றார் பாக்கியம். முகவரி சொன்னார். போனை வைத்த கையோடு மகளுக்கு அடித்திருப்பார். தாயும் மகளும் தினமும் பேசிக்கொள்வது அழகுமலைக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

அவர் நடந்தே போனார். பஸ் நிலையத்திலிருந்து தூரம்தான். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஏறினால் சீக்கிரம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

கதவு திறந்தே கிடந்தது. வளர்மதி வாசலில் நின்றாள். முன்பக்கம் நரை விழுந்திருந்தது. அது அவருக்கு இதுவரை தெரியாது.

"வாங்கப்பா."

தண்ணீர் கொண்டுவரவில்லை. யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பதுதான் வழக்கம். இவருக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று ஒரு தெருமுக்கில் கற்றுக்கொண்டவள் அவள்.

அழகுமலை உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வளர்மதி அப்படியே நின்றாள். அப்பா வாசல் தாண்டியதையே அவளால் நம்ப முடியவில்லை. இப்போது சாப்பிட உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"இலை போடு," என்றார்.

அவள் ஓடினாள். இலை வந்தது. அதில் சோறு வந்தது, வெந்த பருப்பு வந்தது, வேகவைத்த வாழைக்காய் வந்தது.

"அம்மா சொன்னாங்கப்பா, பத்தியம்னு. உப்பு, புளி, காரம் ஒண்ணும் போடல. எண்ணெயும் இல்ல. புதுச் சட்டியிலதான் ஆக்கினேன். பத்தியச் சோறாச்சும் நம்ம வீட்டுல…"

இலையில் இன்னொரு துண்டு வாழைக்காய் வைத்தாள்.

அழகுமலை இலையைப் பார்த்தார். இலையின் இடது மூலை காலியாக இருந்தது. எந்த வீட்டிலும் முதலில் உப்பு வைக்கிற மூலை.

"தண்ணி குடு."

செம்பை நீட்டினாள். அவர் வாங்கினார். சாய்த்தார். கை நனைந்தது. மகள் பார்க்கட்டும் என்றே மெதுவாக நனைத்தார். மிச்சத்தை அண்ணாந்து குடித்தார்.

"உப்புக் கொண்டா."

"பத்தியம்ப்பா…"

"அதை முடிக்கத்தான் வந்திருக்கேன்."

அவள் உப்புப் போட்டு வைக்கிற மரவையோடு வந்தாள். ஒரு சிட்டிகை வைக்கத்தான் குனிந்தாள். கை உதறியதில் குத்தாக விழுந்துவிட்டது. அள்ளி எடுக்கப் போனவளை அவர் தடுத்தார். அத்தனை உப்பையும் சோற்றில் போட்டுப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டார்.

மென்றார்.

நிறுத்தினார்.

முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்னப்பா? கரிக்குதா?"

"கரிக்குது தாயி," என்றார் அழகுமலை. "இன்னும் கொஞ்சம் சோறு போடு."