காளை படுத்த இடம்

ஒரே ஒரு நாட்டில், ஆற்றை நம்பி ஒரு ஊர் இருந்தது. எந்த ராஜா காலம் என்று கேட்காதீர்கள். கல்வெட்டு வெட்ட அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை. மூன்று வருஷம், மூன்று வெள்ளம். மூன்றாவது தடவை சுவரை எடுத்துக் கட்ட ஒருவருக்கும் கை எழவில்லை.

ராஜா வந்து பார்த்து, பழைய முறைப்படி கோயில் காளையை அவிழ்த்துவிடச் சொன்னார். அது எங்கே படுக்கிறதோ அங்கே புது ஊர். நிலம் யாருடையதானாலும் ஊருக்கே. ஊரே சாமான்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதன் பின்னால் போக வேண்டும், அது படுக்கும்வரை யாரும் சுமையை இறக்கக் கூடாது. ராஜா பல்லக்கில் வந்தார், அவருக்கென்ன.

ஊர்த்தலைவர் கொம்பையா மேட்டுப் பக்கம் பார்த்தார். வெள்ளம் ஏறாத மேட்டில் நல்ல நிலமெல்லாம் அவருடையது. அதைத் தாண்டினால் உவர்க்காடு. கிணறு வெட்டினாலும் உப்புத் தண்ணீர்தான். மாட்டை அங்கே தள்ளிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடலாம் என்று, ஆணி வைத்த தார்க்குச்சியை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

காளை நடந்தது, நடந்தது, அவருடைய நெல்வயலில் முழங்காலை மடித்தது. ஒரு குத்து. எழுந்துகொண்டது. அப்புறமும் நடந்தது, நடந்தது, அவருடைய எள்ளுக்காட்டில் மடித்தது. ஒரு குத்து. எழுந்துகொண்டது. அம்மிக்கல்லைச் சுமந்து வந்த ஆவுடை இதைப் பார்த்துவிட்டாள். வெள்ளம் அவளுக்கு மிச்சம் வைத்தது அந்தக் கல் ஒன்றுதான். சொல்லத்தான் மூச்சில்லை.

பொழுது சாய்கையில், அவருடைய தென்னந்தோப்பில் மூன்றாம் முறை மடித்தது. கொம்பையா அவசரத்தில் இரண்டு குத்தாகக் குத்தினார். வலி பொறுக்காத காளை உவர்க்காட்டுக்குப் போகாமல் திரும்பி ஓடியது. நொந்த ஜீவன் எங்கே போகும், சொல்லுங்கள்? கன்றாக இருந்தபோது கட்டிக்கிடந்த தொழுவத்துக்குப் போய்ப் படுத்துவிட்டது. அது மேட்டில் இருந்த கொம்பையா வீட்டுத் தொழுவம்; கன்றைக் கோயிலுக்கு விட்டவரே அவர்தான்.

இது வீடு, இது சேராது என்று அவர் ராஜாவிடம் மன்றாடினார். ஆவுடை முன்னால் வந்தாள்.

"மாமா, மொதல்லயே குத்தாம விட்டிருந்தா வயலோட போயிருக்கும். இப்ப வீடும் போச்சு. கொஞ்சம் நகருங்க, கல்லை இறக்கணும்."

ராஜா காளையின் தொடையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். வீட்டையும் சுற்றியிருந்த நிலத்தையும் ஊருக்கு எடுத்துக்கொண்டு, கொம்பையாவுக்கு உவர்க்காட்டைக் கொடுத்தார்.

அந்த ஊர்த் தெரு இன்றும் வளைந்து வளைந்துதான் போகிறது. சந்தைக்கு நடுவில் மாடு படுத்துக் கிடந்தாலும் அவர்கள் விரட்டுவதில்லை, சுற்றிப் போகிறார்கள்.

மாடு படுத்தது, ஊர் படுத்தது, கதையும் படுத்தது. நீங்களும் படுங்கள்.