ஆமை சொல்லாத எண்ணிக்கை

அன்று உச்சிவேளையில் ஏரிக்கரையில் கூடியவர்கள்: யானை ஒன்று, மான்கள் ஆறு, முயல்கள் ஒன்பது, குரங்குகள் பதினொன்று, தலை எண்ண வந்த கிழட்டு ஆமை ஒன்று. ஆக இருபத்தெட்டு.

எல்லோரும் காட்டுத் தீயில் இருப்பிடம் இழந்தவர்கள். யானை அப்போதுதான் ஏழு காடுகளின் மாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தது.

"புது ஊர் அமைக்கப் போறோம்! ஏழு காடும் சேர்ந்து எடுத்த முடிவு ஒண்ணுதான். ஒருத்தர்கூட விடுபடக் கூடாது!" என்றது யானை.

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஏரியை ஒட்டிய சேற்றுப் பள்ளத்தை மேடாக்கி அங்கே ஊர் கட்டுவது என்று முடிவாயிற்று.

ஆமைக்குத் திக்கென்றது. காலையில் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் அது வந்தது. அங்கே நண்டு வளைகளைப் பார்த்தது. பழக்கதோஷத்தில் எண்ணியும் விட்டது. பதினேழு. வளைக்கு ஒரு நண்டு. வெயில் நேரத்தில் நண்டுகள் வெளியே தலைகாட்டுவதில்லை. உச்சிவேளைக் கூட்டத்துக்கு எப்படி வரும்?

"அது வந்து... ஒரு விஷயம்..." என்று இழுத்தது ஆமை.

"பெரியவரே, நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரனே பிறந்துடுவான்!" என்றது ஒரு குரங்கு.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"தலை எண்ணியாச்சா? யாராவது விடுபட்டாங்களா?" என்று கேட்டது யானை.

"யாரும் இல்லைங்க" என்றது ஆமை, உள்ளே இருந்தபடியே.

வேலை தொடங்கியது. குரங்குகள் மண்ணைக் கொட்டின. யானை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கியது. அந்திக்குள் பள்ளம் மேடாகிவிட்டது. கோடு கிழித்து இருபத்தெட்டு மனைகள் பிரித்தார்கள்.

மறுநாள் காலை, மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு நண்டு மேலே வந்தது. அதன் கொடுக்கு ஒன்று ஒடிந்திருந்தது.

"எங்க வாசல்ல நின்னு எண்ணிட்டுப் போனீங்களே, தாத்தா! நீங்க எண்ணிட்டீங்கன்னுதானே நிம்மதியாத் தூங்கினோம்! எங்களைப் பத்திச் சொல்லலையா?"

ஆமையால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தலை தானாக உள்ளே போகப் பார்த்தது. ஆமை அதைப் போக விடவில்லை. நேரே யானையிடம் போனது.

"நேத்து நான் பொய் சொன்னேங்க. பதினேழு பேரைப் பார்த்தேன், எண்ணினேன். சிரிப்பாங்களேன்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றது, எல்லோர் முன்னிலையிலும்.

குரங்கு தலைகுனிந்தது. யானை தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"தோண்டுங்க! சீக்கிரம் தோண்டுங்க!" என்று யானை கத்தியது.

பதினேழு வளைகளையும் தோண்டினார்கள். ஆமை பக்கத்தில் நின்று, உயிரோடு வந்தவர்களை எண்ணியது.

எல்லோருக்குமாக ஊர் அமைப்பவர்கள் கூட்டத்துக்கு வர முடியாதவர்களையே முதலில் எண்ண வேண்டும். அவர்களைக் கண்டவன் கூச்சப்பட்டு வாய் மூடக் கூடாது.

கொடுக்கு ஒடிந்த நண்டையும் சேர்த்து, மிஞ்சியவை பன்னிரண்டு.