ஸ்கூட்டருக்குள்ள பாம்பு, சீட்டு மேல சென்னியப்பண்ணன்

நான் சொல்றதுல ஒரு சொட்டுப் பொய் கிடையாதுங்க. ஆனா நடுநடுவுல சென்னியப்பண்ணன் சொன்னதும் வரும். அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல, இப்பவே சொல்லிப்போட்டேன்.

என்ற பேரு நாச்சிமுத்து. உடுமலைக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்துல டூவீலர் பட்டறை வெச்சிருக்கறனுங்க. சென்னியப்பண்ணன் பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு. தினமும் பேப்பர் படிக்க என்ற பட்டறைக்குத்தான் வருவாரு. பேப்பர்ல என்ன சேதி வந்தாலும் அது அவருக்கு முன்னாடியே நடந்திருக்கும். எங்கயோ வெள்ளம்னு போட்டிருந்தா, "இதெல்லாம் ஒரு வெள்ளமா, நான் பஸ்ஸை நீந்த வுட்டு ஓட்டுனவன்"ம்பாரு. நாங்களும் ம் கொட்டிட்டு எங்க சோலியைப் பாப்போம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹைஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கற செல்வநாயகி டீச்சர் ஸ்கூட்டருக்கு ஆயில் மாத்த வந்திருந்தாங்க. வண்டியை இரும்பு மேடை மேல ஏத்தி இடுப்பு உசரத்துக்குத் தூக்கி நிறுத்திட்டேன். அப்பத்தான் டீச்சர், "நாச்சி, முன்னாடி மூடிக்குள்ள ஒரு வாலு போச்சு, பாத்தியா?"ன்னாங்க. நான் பாக்கல. ஆனா வெயில் காலத்துல வண்டிக்குள்ள பாம்பு பூர்றது எங்க தொழில்ல புதுசில்ல. உடனே இம்தியாஸுக்குப் போன் போட்டேன். உடுமலையில செல்போன் கடை வெச்சிருக்கறவரு, வனத்துறையில சொல்லி வெச்சுக்கிட்டுப் பாம்பு புடிக்கறவரு. "ரயில்வே கேட்டுல நிக்கறேங்க, வந்தர்றேன்"னாரு.

சென்னியப்பண்ணன் பேப்பரை மடிச்சாரு. "பாம்புமில்ல கீம்புமில்ல. அது பிரேக் கேபிளு. பாம்பாவே இருந்தாலும் ஒரு ஹாரன் போதும். என்ற ஹாரனுக்கு யானைக் கூட்டமே ரோட்டை வுட்டு எறங்கி நின்னு கும்புடு போட்டிருக்குது."

வேண்டாமுங்கண்ணான்னு நான் சொல்றதுக்குள்ள ஸ்டூலைப் போட்டு ஏறி சீட்டுல உக்காந்துட்டாரு. டீச்சர், "அண்ணா, பாம்புக்குக் காது கிடையாதுங்க, ஹாரன் அடிச்சு..."ன்னு ஆரம்பிச்சாங்க. அவரு மலைப்பாதை வளைவுல அடிக்கற மாதிரி நீளமா அடிச்சாரு.

பாம்புக்குக் காது இல்லதான். ஆனா ஹாரன் எங்க இருக்குதுன்னு மெக்கானிக்குக்குத் தெரியும். அந்த முன் மூடிக்குள்ளதான். பாவம், பாம்பு அதுமேலயே படுத்திருந்திருக்குது போல. மூடி அதிர்ந்த அதிர்ச்சியில ஹேண்டில்பாருக்குக் கீழ இருக்கற சந்துல இருந்து ஒரு தலை வெளிய வந்துச்சு. நாக்கை நீட்டி நீட்டிப் பாத்துச்சு. அதுக்கும் அண்ணன் முழங்காலுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பொறகு உள்ள போயிருச்சு.

அண்ணன் ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வெச்சுக் குந்திக்கிட்டாரு. எறங்கறதுக்கு வழியில்லீங்க. ஒரு பக்கம் சுவரு. ஸ்டூல் கிடந்த பக்கம்தான் அது தலையை நீட்டுன பக்கம். பின்னால குதிக்கறதுக்கு அவரு முழங்கால் ஒத்துக்காது. மேடையை எறக்கலாம்னா அது சும்மாவே குலுங்கி எறங்கற சாமான்.

டீச்சர் பதறாம சொன்னாங்க: "அண்ணா, அசையாம இருங்க. நாம பேசறது அதுக்குச் சரியாக் கேக்காது. அதிர்வுதான் தெரியும், தாடை எலும்பு வழியா. வண்டி ஆடாத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும்."

"பேசலாமுங்களா டீச்சரம்மா?"

"தாராளமாப் பேசலாம்."

அவரு ஆயுசுல பேசுங்கன்னு அவருகிட்டச் சொன்ன மொத ஆளு செல்வநாயகி டீச்சர்தான். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்த மூஞ்சிக்குக் கொஞ்சம் ரத்தம் திரும்புச்சு.

அதுக்குள்ள பக்கத்து டீக்கடை தெய்வாத்தாக்கா ஒரு கிண்ணத்துல பாலைக் கொண்டாந்து, எட்ட நின்னு கையை நீட்டி, மேடை ஓரத்துல வெச்சுக் கும்புட்டுச்சு. அந்தக்கா அண்ணன் சொல்றதை எல்லாம் நம்பற ஒரே சீவன்.

"பாம்பு பால் குடிக்காதுக்கா," டீச்சர் சொன்னாங்க. "தாகத்துக்குத் தண்ணிதான் குடிக்கும்."

"கரெக்ட்டு," சீட்டு மேல இருந்து அண்ணன். "எங்கூட்டுத் தோட்டத்துல ஒரு நல்லபாம்பு இருந்துச்சு. பாலை வெச்சா மூஞ்சியைத் திருப்பிக்கும். வரக்காப்பிதான். அதுவும் கருப்பட்டி போட்டாத்தான்."

"வீட்டுல பாம்பு வளத்துனா சட்டப்படி குத்தமுங்கண்ணா," டீச்சர் சொன்னாங்க.

"நான் எங்கீங்க வளத்துனேன்? அதுதான் என்னை வளத்துச்சு. வெடியால அஞ்சு மணிக்கு வாலால தட்டி எழுப்பும். என்ற சம்சாரம் குழம்பு வெச்சா அடுப்புக்கிட்ட வந்து நாக்கை நீட்டி உப்புப் பாக்கும்."

"பாம்பு நாக்கு ருசி பாக்கறதுக்கு இல்லீங்க. காத்துல இருக்கற வாசத்தைத்தான் எடுக்கும். வாயோட மேல்பக்கம் அதுக்குன்னு ஒரு உறுப்பு இருக்குது, அங்க கொண்டு போய் மோந்து பாக்கும்."

"அதையத்தானுங்க நானும் சொல்றேன். வாசத்துலயே கண்டுபுடிக்கும். நாக்கு நுனி ரெண்டு இருக்குதுல்ல, ஒண்ணு உப்புக்கு, ஒண்ணு புளிக்கு. மொளகாய்க்குத்தான் அதுகிட்ட நுனி இல்ல. அதனாலதான் எங்கூட்டுல இன்னிக்கு வரைக்கும் காரம் தூக்கல்."

தெய்வாத்தாக்கா "அடடா"ன்னுச்சு. டீச்சர் உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க, சிரிப்பு வந்துருக்கும். "ரெண்டு நுனி எதுக்குன்னா, வாசம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குங்க"ன்னு சொன்னாங்க. அண்ணன் அதையும் வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. "அடுத்தூட்டுக் கொழம்பையும் அது எங்கூட்டுல இருந்தே சரி பண்ணிக் குடுத்துச்சு டீச்சரம்மா"ன்னாரு.

"அது தோலு உரிச்சா எங்களுக்குத் திருவிழாதான்," அண்ணன் வுடல. "ஒரு தடவை உரிச்ச தோலை வெச்சு மாட்டுச் சாளைக்குக் கூரை போட்டேன். மழை ஒரு சொட்டு எறங்கோணுமே?"

"நல்லபாம்பு ஆறடிதானுங்கண்ணா வரும்," நான் சொன்னேன்.

"உங்கூட்டு நல்லபாம்பு ஆறடி. நீ போடற சோத்துக்கு அவ்வளவுதான் வரும்."

இம்தியாஸைக் காணோம். திரும்பப் போன் போட்டேன், கேட்டு இன்னும் தெறக்கலையாம். அண்ணன் காதுல வுழுந்தா பயந்துக்குவாருன்னு, "வந்துட்டே இருக்காப்பல"ன்னு மட்டும் சொன்னேன்.

"வரட்டும், மெதுவா வரட்டும்," அவரு தோரணையாச் சொன்னாரு. கை மட்டும் சீட்டு ஓரத்தை வுடவே இல்ல. "இதென்ன சுண்டெலி மாதிரி ஒரு பாம்பு. அமராவதி டேம் ரோட்டுல நான் பாத்தது மலைப்பாம்பு. ரோட்டுக்குக் குறுக்க படுத்திருந்துச்சு. கவர்மெண்டுல வேகத்தடை போட்டாங்களாட்டம் இருக்குதுன்னு நான் ஏத்தி எறக்கிட்டேன். கண்ணாடியில பாத்தா வேகத்தடை என்ற பஸ்ஸைத் தொரத்திட்டு வருது. கோபம் அதுக்கு. நிறுத்தி, மன்னிச்சுக்கப்பான்னு கை கூப்புனேன். கேக்கல. பின்னால கட்டியிருந்த ஸ்டெப்னி டயரை அப்பிடியே முழுங்கிருச்சு."

"டயரையா?" நான் கேட்டேன்.

"ஏன், வாய் பத்தாதுங்கறியா? டீச்சரம்மாகிட்டக் கேளு."

டீச்சர் தயங்குனாங்க. பொய்யும் சொல்ல முடியாது அவங்களால. "வாய் பெருசா விரியறது நெசம்தான். கீழ்த்தாடை ரெண்டு பக்கமும் ஒட்டாம, ரப்பர் மாதிரி சவ்வுல இணைஞ்சிருக்கும். தலையை விடப் பெரிய இரையை முழுங்கும். தின்னுட்டா வாரக்கணக்குல அடுத்த தீனி வேண்டாம்."

"கேட்டியா நாச்சி? டீச்சரம்மாவே பாத்த மாதிரி சொல்றாங்க." அண்ணன் நெஞ்சை நிமித்தப் போயி, வண்டி ஆடுமேன்னு பாதியில நிறுத்திக்கிட்டாரு. "ஒரு மாசம் கழிச்சு அதே எடத்துல நின்னு கையைக் காட்டுது."

"பாம்புக்குக் கையாங்கண்ணா?"

"வாலைக் காட்டுதுன்னு வெச்சுக்க. டயரைக் கக்கிக் குடுத்துருச்சு. உள்ள போனப்ப மொட்டை டயரு. வெளிய வந்தப்ப புது டயராட்டம் பட்டன் வரி போட்டு வந்துச்சு. அந்த டயர்லதான் நான் ரிட்டையர் ஆகற வரைக்கும் ஓட்டுனேன்."

டயர் மாத்தி மாத்தியே பாதி முடி கொட்டுனவன் நான். இதை என்னால பொறுக்க முடியல. "ஏனுங்கண்ணா, மனசாட்சியே இல்லீங்களா?"ன்னு கேட்டுப்போட்டேன்.

பதில் சொல்ல வாயைத் தொறந்தவரு அப்பிடியே இருந்துட்டாரு. மூடிக்குள்ள சரசரன்னு சத்தம். தலை திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை தலையோட நிக்கல. மெலிசா, கயிறு மாதிரி, கழுத்தும் வந்துச்சு. சீட்டைப் பாத்து நீண்டு, அண்ணனோட செருப்பு நுனிக்குப் பக்கத்துல நாக்கை ஆட்டுச்சு. ஒரு நிமிஷமிருக்கும். பொறகு சுருட்டிக்கிட்டு உள்ள போச்சு.

சென்னியப்பண்ணனுக்கு ஒடம்பே உதற ஆரம்பிச்சிருச்சு. வண்டியும் கூடவே ஆடுது. "நாச்சி"ன்னாரு. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லீங்க. "எனக்குப் பயமா இருக்குதுடா. காலு மரத்துப் போச்சு. வுழுந்துருவனாட்டம் இருக்குது. மக பிரசவத்துக்கு வந்திருக்கறா. பேரனோ பேத்தியோ, ஒரு தடவை பாத்துட்டா..." அதுக்கு மேல வார்த்தை வரல.

இத்தனை வருசமா இந்த மனுசன் எப்பத்தான் வாயை மூடுவாரோன்னு ஏங்குனவன். மூடுனப்ப தாங்க முடியல. தெய்வாத்தாக்கா சேலை முந்தியை வாயில வெச்சு அழுதுட்டு நிக்குது.

டீச்சர் ஒரு எட்டு முன்னால வந்தாங்க. கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கறவனைக் கேக்கற மாதிரி கேட்டாங்க: "அண்ணா, உங்களைப் பாம்பு கடிச்சதுண்டுங்களா?"

அவரு மூடியையே பாத்துட்டு இருந்தாரு.

"ஆமாங்கண்ணா," நானும் சேந்துக்கிட்டேன். "ஒரு கொம்பேறி மூக்கன் கடிச்சுதுன்னு ஒரு தடவை சொன்னீங்களே. எனக்குச் சரியா நெனப்பில்ல. பெரிய பாம்புங்களா?"

"பெருசா?" அவரு தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. "பெருசுன்னா... தலை ஒரு மரத்துல, வாலு அடுத்த மரத்துல."

"அது மரத்துலயே இருக்கறதுங்கண்ணா, நீளம்தான்," டீச்சர் எடுத்துக் குடுத்தாங்க. "கடிச்சதும் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? கிழிச்சு வாயில உறிஞ்சறது, கயிறு போட்டு இறுக்கறதெல்லாம் பண்ணலையே?"

"உடனே போனேன் டீச்சரம்மா. எனக்கில்ல, பாம்புக்கு. என்னைக் கடிச்சதுல அதுக்குத் தலை சுத்தி மயக்கம் வந்துருச்சு. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாங்க."

தெய்வாத்தாக்கா அழுதுட்டே சிரிச்சுது. வண்டி ஆடறது நின்னிருந்துச்சு. அண்ணன் அதைக் கவனிக்கவே இல்ல, கதைக்குள்ள எறங்கிட்டாரு.

"தேறி வந்ததும் என்ன பண்ணுச்சு தெரியுமா? கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டா மரத்து மேல ஏறி நின்னு, சுடுகாட்டுல நம்ம புகை தெரியுதான்னு பாக்குமுன்னு சொல்வாங்கல்ல?"

"அது சும்மா சொல்றதுங்கண்ணா," டீச்சர் சொன்னாங்க.

"சும்மாவா? எங்கூட்டுத் தென்னை மேல ஏறிப் பாத்துட்டே நிக்குது. நான் சாகல. அதும் எறங்கல. வெயிலு, மழை, காத்து, அசையல. கீழ நின்னு, நான் நல்லாத்தான் இருக்கறேன், எறங்கி வீட்டுக்குப் போன்னு கெஞ்சுனேன். அதுக்குக் காது கேக்காதே, என்ன பண்றது? கடைசியில எனக்கே பாவமாப் போச்சு. சுடுகாட்டுக்குப் போயி நாலு பன்னாடை, ரெண்டு மட்டையைப் போட்டுக் கொளுத்தி நல்லாப் புகைய வுட்டேன். அதைப் பாத்ததும் நிம்மதியா எறங்குச்சு. போற வழியில எங்கூட்டுக்கு வந்து என்ற சம்சாரத்துக்கிட்ட துக்கம் விசாரிச்சுட்டுப் போச்சு."

"சம்சாரம் என்ன சொன்னாங்க?" டீச்சர் கேட்டாங்க. நெசமாத்தான் கேட்டாங்க.

அதுக்குப் பதில் வர்றதுக்குள்ள இம்தியாஸ் பைக்கு வந்து நின்னுச்சு. ஒரு கொக்கியும் துணிப்பையும்தான் அவரு சாமான். ஒண்ணும் பேசாம ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, மூடியைப் பூவைத் தொடற மாதிரி கழட்டுனாரு. உள்ள ஒயரோட ஒயரா, மெலிசா, வெண்கல நெறத்துல சுருண்டு கிடந்துச்சு. கையாலயே வாங்கிப் பைக்குள்ள வுட்டாரு.

"கொம்பேறி மூக்கன்," இம்தியாஸ் சொன்னாரு. "வெசம் கிடையாதுங்க. பல்லி, தவளையைத் திங்கும். கடிச்சாலும் கீறல் மாதிரிதான் இருக்கும். தோப்புல வுட்டுர்றேன்."

நானும் இம்தியாஸும் அண்ணனைக் கைத்தாங்கலா எறக்குனோம். மரத்துப் போன காலைத் தேச்சுக்கிட்டே, மேடை ஓரத்துல இருந்த பால் கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சாரு அண்ணன். வாயைத் தொடச்சாரு. மீசையை நீவுனாரு. பழைய ஆளு திரும்ப வந்துட்டாரு.

"பாத்த ஒடனே எனக்குத் தெரியும். அந்தத் தென்னை மரத்துக்காரனோட பேரன். அதே சாடை. அதான் கடிக்காம கிட்ட வந்து பாத்துட்டுப் போச்சு." பொறகு எங்க மூணு பேரையும் ஒரு பார்வை பாத்தாரு. "உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இத்தனை நேரம் நான் சொன்னதை, அது பொய்யி இது பொய்யின்னு குறுக்க பேசாம, மரியாதையாக் கேட்டது அந்தப் பாம்பு ஒண்ணுதான்."

தெய்வாத்தாக்கா காலிக் கிண்ணத்தை அவரு கையில இருந்து வாங்கிக்கிட்டுச்சு.

"அதுக்குத்தான் காதே இல்லீங்களேண்ணா"ன்னு சொல்லிட்டு டீ ஆத்தப் போயிருச்சு.