மூன்றாவது வட்டம்

டாக்டர் சிவகாமசுந்தரிக்கு ஆசிரமம் கிடையாது. புற்றுநோய் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஓர் அறை, அதில் காலாடும் ஒரு மேஜை, அவ்வளவுதான். சீடர்கள் மட்டும் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தார்கள். இந்த வருஷத்துச் சீடன் பயிற்சி டாக்டர் இளமாறன். நிறையப் படித்தவன். படித்தது முகத்திலேயே தெரியும்.

அன்று காலை அவன் ஒரு கேள்வியோடு வந்தான்.

“மேடம், பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச பேஷன்ட்கிட்ட எப்படிப் பேசறது?”

“யாரு பிழைக்க மாட்டாங்க?”

“செல்வகனி. வயசு முப்பத்தொண்ணு. இடது மார்புல கட்டி. ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. அம்மா வழியில வந்த கோளாறு இருக்கு. வைத்தியமே வேணாம், வீட்டுக்கு அனுப்புங்கன்னு சொல்றாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல மேடம். அவங்க சொல்றதும் நியாயமாத்தான் பட்டுது.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “முதல்லேர்ந்து சொல்லு.”

இளமாறன் ஒரு தாளை மேஜைமேல் விரித்தான். பரம்பரை நோய் என்றால் குடும்பத்தைப் படமாக வரைவது அங்கே வழக்கம். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் கண்டவரைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். இறந்துவிட்டால் மேலே குறுக்காக ஒரு கோடு. செல்வகனியின் பெரியம்மா ஒரு கறுப்பு வட்டம், அம்மா ஒரு கறுப்பு வட்டம். இரண்டின் மேலும் கோடு இருந்தது. அவர்களுக்குக் கீழே செல்வகனி, கறுப்பாக, கோடில்லாமல்.

ஸ்கேல் வைத்து வரைந்திருந்தான். நோயாளிக்கும் விளங்கட்டுமே என்று அவள் எதிரிலேயே வரைந்தானாம். நல்ல எண்ணம்தான், பாவம்.

“இதைப் பார்த்துட்டு அவங்க என்ன கேட்டாங்க?”

இளமாறன் தயங்கினான். “என் வட்டத்து மேல எப்ப சார் கோடு போடுவீங்கன்னு கேட்டாங்க.”

டாக்டருக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார்.

“அவங்க அம்மா எப்படி இறந்தாங்க?”

“மார்பகப் புற்றுநோய், மேடம்.”

“அது நோயோட பேரு. எப்படின்னு கேட்டேன்.”

அவன் தாளைப் பார்த்தான். தாளில் அது இல்லை.

“போய்க் கூட்டிட்டு வா.”

செல்வகனி பையும் கையுமாக வந்தாள். ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். மூன்று வயது மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். இருக்கிற நாளை மகளோடு இருந்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

“உக்காரும்மா. உங்க அம்மாவுக்குக் கட்டி இருக்கறது எப்பத் தெரிஞ்சுச்சு?”

“அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு டாக்டர். எங்ககிட்ட சொல்லலை. அப்ப எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சீக்குக்காரி மகள்னு பேரு வந்துருமோன்னு பயந்துகிட்டு, மஞ்சளை அரைச்சுப் போட்டு மறைச்சிருக்காங்க. என் கல்யாணம் முடிஞ்சு, புண்ணாகி, நாத்தம் எடுத்தப்புறம்தான் எங்களுக்கே தெரியும்.”

“பெரியம்மா?”

“அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் ஊசி போடணும்னாங்க. ஒரு ஊசிக்கே முடியெல்லாம் கொட்டிருச்சு. அதோட ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை.”

“நீ எப்பப் பார்த்த?”

“குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. சின்ன நெல்லிக்கா அளவு இருக்கும். அந்த வாரமே வந்துட்டேன்.”

“உங்க அம்மா மறைச்சாங்க, பெரியம்மா பாதியில விட்டாங்க. நீ அந்த வாரமே வந்துட்ட,” என்றார் டாக்டர். செல்வகனி சட்டென்று நிமிர்ந்தாள்.

“அப்ப எனக்குச் சரியாயிருமா?”

“சத்தியம் பண்ண முடியாதும்மா. சின்ன வயசுல வர்ற கட்டி பல நேரம் வேகமா வளரும். அது நிஜம். அந்த ஜீன் இருந்ததால உனக்கு இது வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். அதுவும் நிஜம். ஆனா வந்தப்புறம் ஒழுங்கா வைத்தியம் பண்ணிக்கிட்டா, உன் வயசுல ஜீன் இருக்கறவங்களும் இல்லாதவங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிழைக்கிறாங்க. பின்னாடி இன்னொரு பக்கமும் வரலாம். அதுக்கு என்ன செய்யலாம்னு நிதானமா உக்காந்து பேசலாம். இன்னிக்கே முடிவு பண்ண வேண்டியதில்ல.”

செல்வகனி அழுதாள். இத்தனை நாள் அழாதவள், இப்போது அடக்க முடியாமல் அழுதாள். இளமாறன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கும் முடி கொட்டுமா?”

“கொட்டும். திரும்ப முளைக்கும்.”

“எம் மக பயந்துருவா.”

“முதல்லயே சொல்லி வச்சிரு. பயப்பட மாட்டா.”

“ஊசி எங்க போடுறாங்க?”

டாக்டர் இளமாறனைப் பார்த்தார். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போய், கீமோ வார்டு நர்ஸிடம் விட்டுவிட்டுத் திரும்பினான். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். ஆனாலும் அவன் நகரவில்லை.

“மேடம், எனக்கு ஒண்ணு புரியல. ஜீன் அம்மாகிட்டேர்ந்துதான் வந்துச்சு. நோயும் அதே நோய்தான். அப்ப அம்மாகிட்டேர்ந்து இவங்களுக்கு வராதது எது?”

“அம்மாவோட சாவு,” என்றார் டாக்டர். “அதை நீதான் கொடுக்கப் பார்த்த.”