ஆலங்குளம் போகாத வண்டி

சொரிமுத்து கார்புரேட்டரை மறுபடியும் கழற்றிப் போட்டார். எத்தனையாவது தடவை என்று யாராவது கேட்டிருந்தால் கடித்தே வைத்திருப்பார்.

ஐம்பது வயதுக்கு மேல் மெக்கானிக் தொழில் பழக வந்த ஆள். பட்டறைக்காரி அமலி அவரைவிடப் பத்து வயது இளையவள். அவர் அவளை மேஸ்திரி என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

வண்டி அவருடையதுதான். அரதப் பழைய பைக். உதைத்தால் உடனே கிளம்பும். ஆற்றுப்பாலம் தாண்டியதும் விக்கி விக்கி நின்றுபோகும். சனியன்!

அவர் மனைவி இசக்கியம்மா கோபித்துக்கொண்டு ஆலங்குளத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். என்ன கோபம் என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. சாயங்கால பஸ்ஸில் அவள் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறாளாம். அதற்குள் போய்க் கூட்டி வர வேண்டும். வண்டி வேலை பழகுகிறவர் பஸ்ஸில் போய் இறங்கினால் மச்சினன் சிரிப்பான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்..." என்றாள் அமலி.

"பொறுங்க மேஸ்திரி. ஃப்ளோட்டுதான் கோளாறு."

ஃப்ளோட்டை மாற்றினார். ஜெட்டை ஊதினார். புது கேஸ்கட் போட்டார். பாலம் வரை போனார். நின்றது. எப்படியோ கிளப்பித் திரும்பி வந்தார்.

"நான் என்ன சொல்லுதேன்னா..."

"நீங்க சும்மா இருங்க! எனக்குத் தெரியும்."

அமலி டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது கார்புரேட்டர் இன்னொரு தடவை பிரித்து மாட்டப்பட்டிருந்தது. வண்டி இன்னொரு தடவை பாலம் வரை போய் நின்று திரும்பி வந்திருந்தது. சொரிமுத்து ஸ்பானரை வீசியெறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

"நான் என்னதான் குறை வச்சேன் மேஸ்திரி? எல்லாம் பாத்துப் பாத்துத்தானே செய்யுதேன்?"

"நின்னுபோனா என்ன செய்வீய?"

"டேங்க் மூடியத் தொறந்து பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன்."

"பொறவு?"

"மூடிட்டு உதைப்பேன். ஓடும். கொஞ்ச தூரத்துல திரும்பவும் நிக்கும்."

அமலி டேங்க் மூடியைக் கழற்றினாள். போன வாரம் ஆயுத பூசைக்கு அவர் அப்பிய சந்தனமும் குங்குமமும் அதன்மேல் கல்லாகக் காய்ந்திருந்தன. ஆசை வண்டியாயிற்றே, கைநிறைய அள்ளிப் பூசியிருந்தார். ஊசியால் சுரண்டினாள். அடியில் சின்னதாக ஒரு துவாரம் தெரிந்தது.

"இது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். நீங்க மூடியத் தொறந்தா காத்து போவுது, ஓடுது. கார்புரேட்டர்ல ஒண்ணுமில்ல."

சொரிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. "இதக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க எங்க விட்டீய?"

அவர் எழுந்தார். மூடியை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வெகுதூரம் போய்ப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை. திரும்பி வந்து கை கழுவினார், சட்டை மாற்றினார், தலை சீவினார். பொழுது இன்னும் இருந்தது.

கிளம்பியவர் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"மேஸ்திரி, அங்க போயி அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அமலி ஊசியைத் துடைத்து டப்பாவில் போட்டாள்.

"மதினி சொல்ல வந்ததையே நீங்க இன்னும் கேக்கலியே, அண்ணாச்சி."