வெயிலைக் கழுவிய பேச்சி

கரிசல்காட்டில் நூறு ஏக்கர் சோலார் கம்பெனி. பலகை கழுவுகிறவள் பேச்சி. மேனேஜர் தணிகைவேலு முதலாளியிடம் கம்ப்யூட்டரைக் காட்டினார்: விழுந்த வெயிலுக்கு வரவேண்டிய மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு தேறுகிறதாம். பத்து நாள் கழுவாமலே!

“வேலை வேணும்னா, கழுவுறதால என்ன லாபம்னு அஞ்சு நிமிஷத்துல காட்டு” என்றார் மேனேஜர், பேச்சியிடம்.

பேச்சி பலகையைத் தொடவில்லை. வெயிலை அளக்கும் கண்ணாடிக் குமிழில் காக்காய் எச்சம் அப்பிக் கிடந்தது. அதை மட்டும் துடைத்தாள். எச்சம் மறைத்திருந்த வெயிலும் சேர, கம்ப்யூட்டரில் வெயில் அளவு எகிறியது. மின்சாரம் ஏறவில்லை. எண்பது பங்கு அறுபதானது.

“என்னடி பண்ணுன?” என்றார் மேனேஜர்.

“வெயிலைக் கழுவுனேன் சார். பலகையையும் கழுவட்டுமா, இல்ல காக்காய்க்கே சம்பளம் குடுப்பீங்களா?”

முதலாளி பேச்சியின் தண்ணீர் வாளியை எடுத்து மேனேஜரிடம் நீட்டினார்.

“பேச்சி சொல்ற எடத்துல ஊத்துய்யா.”