இலுப்பையும் நாவலும் சேர்ந்த பாலம்

மேட்டுக்காட்டில் பன்றிகளும் மான்களும் வாழ்ந்தன. ஏரிக்காட்டில் காட்டெருமைகள் வாழ்ந்தன. இரண்டு காடுகளுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அதன் சுவர் செங்குத்தாக இறங்கியது. அடியில் ஆறு பாறைகளில் மோதி இரைந்துகொண்டு ஓடியது.

அந்த ஆண்டு கோடை கடுமையாக இருந்தது. மேட்டுக்காட்டுக் குட்டை வற்றிச் சேறாகிவிட்டது. பன்றிக்குட்டிகள் அந்தச் சேற்றை நக்கின. ஏரிக்காட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே மேய ஒன்றுமில்லை; புல் எல்லாம் காய்ந்து சருகாகக் கிடந்தது. மூங்கில் குருத்தும் உப்புமண்ணும் மேட்டுக்காட்டில்தான் இருந்தன.

இரண்டு பக்கத்துக்கும் ஒரு வழி தேவைப்பட்டது.

பன்றிகளின் தலைவன் முரடன் தன் குகைக்கு எதிரே ஒரு மரத்தைத் தள்ளிவிட்டான். அது அக்கரையைத் தொடவில்லை. தலைகீழாக ஆற்றில் விழுந்து போய்விட்டது.

காட்டெருமைகளின் தலைவி கரியாளும் தன் மேய்ச்சல் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைச் சாய்த்தாள். அதுவும் ஆற்றோடு போனது.

இதையெல்லாம் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நீர்நாய். அதன் பெயர் நெளியன். பாறை இடுக்கு வழியாக இரு கரைக்கும் ஏறி இறங்க அதனால் மட்டுமே முடியும். அது இருவரையும் கூப்பிட்டது.

"ஆற்றுக்கு நடுவில் கரை உயரத்துக்கு ஒரு பாறை நிமிர்ந்து நிற்கிறது, பார்த்தீர்களா? உங்கள் கரையில் அதற்கு நேரே ஓர் இலுப்பை மரம், முரடன் அண்ணே! உங்கள் கரையில் ஒரு நாவல் மரம், கரியாள் அக்கா! இரண்டையும் சாய்த்தால் இரண்டும் அந்தப் பாறையில் வந்து சேரும். பாலம் தயார்!"

முரடன் உறுமினான். "அந்த இடம் எங்கள் குகையிலிருந்து அரை நாள் நடை! அதோடு, இப்போது எங்களுக்குச் சாப்பாடே அந்த இலுப்பைப் பூதான்!"

"எங்கள் கன்றுகள் அந்த நாவல் நிழலில்தான் படுக்கின்றன" என்றாள் கரியாள் அக்கரையிலிருந்து. "முதலில் உங்கள் மரத்தைச் சாய்த்துவிடுங்கள். பிறகு நாங்கள் சாய்க்கிறோம்."

"நீங்கள் முதலில் சாய்த்துவிடுங்கள்!"

"ஏமாறுவதற்கு நாங்கள் என்ன ஆட்டுக்கூட்டமா?"

"யாரைப் பார்த்து ஏமாற்றுக்காரன் என்கிறாய்!"

இப்படியே மூன்று நாள் போனது. மூன்று நாளும் நெளியன் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கால் புண்ணானதுதான் மிச்சம்.

நான்காம் நாள் உச்சிவெயிலில், ஏரிக்காட்டின் மறுகோடியில் புகை எழுந்தது.

காய்ந்த புல் படபடவென்று பற்றியது. காற்று தீயைப் பள்ளத்தாக்கை நோக்கித் தள்ளியது. ஏரிக்கும் எருமைகளுக்கும் நடுவே தீ வந்துவிட்டது. வலப்புறம் தீ. இடப்புறம் தீ. முன்னால் பள்ளத்தாக்கு.

"நாவல் மரத்துக்கு ஓடுங்கள்!" என்று கத்தினாள் கரியாள்.

ஆறு எருமைகள் ஒன்றாக நெற்றியால் முட்டித் தள்ளின. மரம் முனகியது. அசைந்தது. பிறகு பெரும் சத்தத்தோடு சாய்ந்து நடுப்பாறைமேல் விழுந்தது.

கன்றுகள் அதன்மேல் ஏறின. ஆனால் பாறையில் ஐந்தாறு கன்றுகள் நிற்கத்தான் இடம் இருந்தது. அதற்கு அப்பால் வெறும் வெளி. கீழே ஆறு.

"முரடா!" கரியாள் கதறினாள். "உன் மரம்! உன் மரத்தைச் சாய்!"

மேட்டுக்காட்டு விளிம்பில், இலுப்பைப் பூ பொறுக்க வந்திருந்த பன்றிகளும் மான்களும் கூடி நின்றன. ஒரு பெண்பன்றி முரடனின் காதருகே சொன்னது: "பூவைக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம் குட்டிகள் எதைத் தின்னும்? மூன்று நாளாக நம்மை ஏசியவர்கள்தானே?"

நடுப்பாறையின் ஓரத்தில் ஒரு கன்றின் பின்னங்கால் வழுக்கியது. பக்கத்திலிருந்த கன்று அதை உடம்பால் அணைத்து நிறுத்தியது. இரண்டும் கண்களை அகல விரித்து முரடனையே பார்த்தன.

"தோண்டுங்கள்!" என்று அலறினான் முரடன்.

இலுப்பையின் பாதி வேர் முன்பே மழையில் அரிபட்டு வெளியே தெரிந்தது. மீதி வேரைப் பன்றிகள் கோரைப் பற்களால் கிழித்தன. மான்கள் குளம்பால் மண்ணை வாரி இறைத்தன. முரடனின் ஒரு பல் முறிந்தது. அவன் நிறுத்தவில்லை.

"இன்னும் ஒரே வேர்தான்!" என்று கீழேயிருந்து கத்தியது நெளியன். "இடப்பக்கம்! இடப்பக்கம்!"

வேர் அறுந்தது. பூக்கள் மழையாகக் கொட்ட, இலுப்பை சாய்ந்து நடுப்பாறையில் மோதி நின்றது.

"ஒவ்வொருவராக வாருங்கள்! முட்டாதீர்கள்!" முரடன் மரத்தின் அடியில் தன் முதுகைக் கொடுத்து உருளாமல் பிடித்துக்கொண்டான். மற்றப் பன்றிகளும் அவன் அருகே வந்து முட்டுக்கொடுத்தன.

கன்றுகள் வந்தன. தாய்கள் வந்தன. கிழட்டு எருமைகள் வந்தன. கரியாள் கடைசியாக வந்தாள். அவளுடைய வால்முடி கருகியிருந்தது. பச்சை மரமானதால் நாவல் புகைந்ததே தவிர எரியவில்லை.

இக்கரைக்கு வந்ததும் அவள் தன் கூட்டத்தைச் சுற்றி நடந்தாள். மறுபடியும் சுற்றினாள். பிறகு அக்கரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இரண்டு கன்றுகள் இல்லை" என்றாள் மெல்ல.

அக்கரை முழுவதும் தீ பிடித்திருந்தது.

"நான் முதல் நாளே தோண்டியிருந்தால்..." என்றான் முரடன்.

"நான் முதல் நாளே தள்ளியிருந்தால்..." என்றாள் கரியாள்.

மறுநாள் காலையில் சாம்பல் ஆறியதும் இரண்டு கூட்டமும் பாலத்தின் வழியே ஏரிக்குப் போயின. கரியாள் கரையில் ஒதுங்கி நின்று பன்றிக்குட்டிகளை முதலில் குடிக்கவிட்டாள். திரும்பி வந்ததும், மூங்கில் குருத்து எங்கே தழைத்திருக்கிறது என்று முரடன் எருமைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அங்கே இறுகிக் கிடந்த மண்ணை எருமைகள் கொம்பால் கிளற, பன்றிகளுக்குக் கிழங்கும் கிடைத்தது.

பத்து நாள் கழித்து நெளியன் மூச்சிரைக்க ஓடிவந்தது. "இந்த ஒரு பாலம் போதாது. வெள்ளம் வந்தால் இது நிற்குமோ நிற்காதோ! மேல் வளைவில் இன்னொன்று போடலாம். ஆனால் அதற்கும் இரண்டு கரையிலிருந்தும் மரம் வேண்டும்."

"எந்த மரம் என்று காட்டு!" என்று முரடனும் கரியாளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எல்லோருக்கும் வேண்டிய வழிக்கு யார் முதலில் கொடுப்பது என்று காத்துக்கொண்டே இருந்தால், அந்தக் காத்திருப்புக்கே எல்லோரும் பெரிய விலை கொடுக்க வேண்டிவரும்.